என் மெஷினுக்கு நானே ஆயுத பூஜை போடணுமாம், என்ன செய்யட்டும்?

மெஞ்ஞானபுரத்தான் | 14 செப்டம்பர் 2025

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடுகிற மெஷின்) ஆபரேட்டராக இருக்கிறேன். முதலாளியம்மாவையும் சேர்த்துப் பதினோரு பேர். பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கிற வேலை. சேர்ந்து இரண்டரை வருஷம் ஆகிறது. சம்பளம் தேதி தவறாது, மரியாதையும் உண்டு. அதனால்தான் இந்தச் சங்கடம்.

எனக்குச் சொந்த ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம். ஊரை விட்டுக் கிளம்புகிற வரைக்கும் நான் கிறிஸ்தவன் என்று ஒருத்தரிடமும் வாயைத் திறந்து சொல்ல வேண்டி வந்ததில்லை. ஊரே அப்படித்தான். மணி அடித்தால் ஜெபத்துக்குப் போவோம், ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வாழைத்தாரும் கோழியும் ஏலம் போகும், அசனத்தில் பந்தி பரிமாறுவோம். சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொல்லத் தெரியாது என்பதே தெரிந்தது.

இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. நம் பக்கத்து சி.எஸ்.ஐ.காரர்களுக்குச் சர்ச் என்றால் கோவில், போதகர் என்றால் ஐயர். சேர்ந்த புதிதில் ஓவர்டைம் கேட்டபோது, "ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலுக்குப் போகணும்மா" என்றேன். இன்னொரு நாள், "எங்க ஊர் ஐயர் வந்திருக்கார், பார்க்கணும்" என்று ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டேன். என் பெயரிலும் மதம் தெரியாது. முதலாளியம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பையன் பக்திமான் என்று. எனக்கு முதல் வாரத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் திருத்தவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன், அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை.

2023 ஆயுத பூஜையில் பின்வரிசையில் நின்றேன். நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்கள். பாத்ரூமில் போய், கிரீஸ் துடைக்கிற வேஸ்ட் துணியால் அழித்தேன். நெற்றியெல்லாம் கருப்பானதுதான் மிச்சம்.

போன வருஷம் அக்டோபர் 11 அன்று காய்ச்சல் என்று பொய் சொல்லி ரூமிலேயே படுத்துவிட்டேன். மத்தியானம் ஹெல்ப்பர் பையன் வந்தான். கையில் ஒரு தூக்கு நிறைய மிளகு ரசம், ஒரு பாட்டில் கஷாயம், என் போனஸ் கவர். "அம்மா கொடுத்துவிட்டாங்க, நாளைக்கும் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க" என்றான். அந்த ரசத்தைக் குடித்துக்கொண்டே அழுதேன், பொய்யில்லை. சாமி கும்பிடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தவன் வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டேனே. பத்துக் கட்டளையில் இதுவும் ஒன்றுதானே.

இந்த வருஷம் ஒளியவும் வழியில்லை. டர்னிங் சென்டர் என்கிற சி.என்.சி. லேத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த அண்ணன் ஜூலையில் சொந்தமாகப் பட்டறை போட்டுப் போய்விட்டார். மெஷின் இப்போது என் பொறுப்பில். வெள்ளிக்கிழமை முதலாளியம்மா சொன்னார்: "இந்த வருசம் உன்ற மெஷினுக்கு நீயே பொட்டு வெச்சு சூடம் காட்டிரு கண்ணு. பூசணிக்காயும் நீதான் சுத்தி உடைக்கோணும்."

அது அவர் கொடுக்கிற கௌரவம். எனக்கும் தெரிகிறது. அக்டோபர் 1-க்கு இன்னும் இரண்டு வாரம்தான். மனசுக்குள் ஜெபித்துக்கொண்டு கையால் மட்டும் செய்துவிடலாமா? வேலையை விட்டுவிடவா? சொன்னால் எப்படிச் சொல்வது? இதே நிலைமையில் இருந்தவர்கள் சொல்லுங்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அதை அம்மாவே தினமும் போனில் சொல்கிறார்.

---

பழைய ஃபிட்டர், திருச்சி | 14 செப்டம்பர் 2025

தம்பி, நான் 31 வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். அந்தக் கணக்கில் பார்த்தால் 31 ஆயுத பூஜை. முதல் பூஜையில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், நீ அதைச் செய்யாதே.

யாரிடமும் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குத் தட்டு என்னிடம் வந்ததும், "நான் தொட மாட்டேன்" என்று கையால் தள்ளினேன். எரிகிற சூடம் கீழே விழுந்தது. எண்ணெய்த் தரை. ஒன்றும் பற்றவில்லை, அதுவே தேவகிருபை. ஆனால் இரண்டு வருஷம் டீ டைமில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவர்கள் கோபப்பட்டதில் தப்பே இல்லை. அவர்கள் கும்பிடுகிற தட்டை நான் தள்ளிவிட்டேன். அதை நான் வைராக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தானியேல் 1-ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசி. சிங்கக்கெபியையே பேசிப்பேசி இதை நாம் விட்டுவிடுகிறோம். ராஜாவின் சாப்பாட்டால் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்று தானியேல் முதலிலேயே தீர்மானித்துக்கொள்கிறான். அப்புறம் பந்தியில் போய்த் தட்டைத் தள்ளவில்லை. மேலாளிடம் அனுமதி கேட்கிறான். அந்த ஆள், "உங்கள் முகம் வாடினால் ராஜா என் தலையை எடுத்துவிடுவார்" என்கிறார். அந்தப் பயத்தையும் தானியேல் மதிக்கிறான். அதனால்தான் விசாரிப்புக்காரனிடம் போய்ப் பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாரும் என்கிறான். மேலே இருக்கிறவருக்கு நஷ்டம் வராத ஒரு வழியையும் கையோடு கொண்டுபோய்க் கேட்டவன் அவன்.

நீயும் அப்படியே போ. தனியாக, முன்கூட்டியே, பத்துப் பேர் இல்லாத நேரம் பார்த்து. "என்னால் முடியாது" என்று மட்டும் சொல்லாதே, என்ன முடியும் என்றும் சொல். நான் இரண்டாம் வருஷத்திலிருந்து முந்தின நாளே போய்விடுவேன். என் மெஷின் மட்டுமில்லை, மொத்த ஷாப்பையும் கழுவித் துடைத்து, மெஷின்களின் பாதுகாப்புக் கார்டுக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்து வைப்பேன். பூஜை நேரத்தில் கேட் டியூட்டி என்னுடையது. எல்லாரும் உள்ளே நிம்மதியாகக் கும்பிடுவார்கள். பத்து வருஷம் கழித்து, "கேட்டுக்கு அவர் இருக்கார்ல" என்று அவர்களே சொல்கிற அளவுக்கு வந்தது.

கையால் மட்டும் செய்வது பற்றிக் கேட்டாய். சீரியா நாட்டுச் சேனாபதி நாகமான் கதை உண்டு, 2 இராஜாக்கள் 5. எஜமான் என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலில் பணியும்போது நானும் பணிய வேண்டியிருக்குமே, மன்னிப்பு உண்டா என்று கேட்கிறான். எலிசா தீர்க்கதரிசி திட்டவில்லை, சமாதானத்தோடே போ என்கிறார். அதனால் நின்றவனையெல்லாம் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நாகமான் அதை ஒளிக்கவில்லை, வெளிப்படையாகக் கேட்டான். உன்னை அரிக்கிறது குங்குமம் இல்லை தம்பி, அந்தக் காய்ச்சல்.

சட்டம், கோர்ட் என்று யாராவது கிளப்பினால் காது கொடுக்காதே. 1986-இல் கேரளாவில் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற யெகோவா சாட்சிப் பிள்ளைகள் மூன்று பேருக்காகச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. இந்த வருஷம் மே மாதம், படைப்பிரிவு வழிபாட்டில் கருவறைக்குள் வர மறுத்த கிறிஸ்தவ ராணுவ அதிகாரியின் பணிநீக்கம் சரி என்று டில்லி ஹைகோர்ட் சொன்னது. இரண்டு பக்கமும் தீர்ப்பு உண்டு. பதினோரு பேர் பட்டறைக்கு இரண்டுமே தேவையில்லை.

பொரி கொடுத்தால் வாங்கிச் சாப்பிடு. முன்னால் வைத்ததை மனச்சாட்சிக்காக விசாரிக்காமல் சாப்பிடச் சொல்லிப் பவுலே 1 கொரிந்தியர் 10-இல் எழுதியிருக்கிறார்.

---

தி.நகர் சகோதரி | 15 செப்டம்பர் 2025

ஃபிட்டர் ஐயா சொன்னதில் பெரும்பாலும் சரி. பொரி விஷயத்தில் எனக்கு ஒப்பவில்லை. அதே அதிகாரத்தில் அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால் சாப்பிடாதே என்று இருக்கிறது. வெளிப்படுத்தல் 2-இல் தியத்தீரா சபையைக் கர்த்தர் கண்டிக்கிறதும் விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிட்டதற்கும்தான். அது தொழிற்சங்கங்கள் நிறைந்த ஊர். சாயக்காரர், தோல்காரர், செம்பு வேலைக்காரர் என்று தொழிலுக்கு ஒரு சங்கம் இருந்தது, சங்க விருந்தில் தெய்வத்துக்குப் படைப்பதும் வழக்கம். பவுல் பிலிப்பியில் சந்தித்த இரத்தாம்பரம் விற்கிற லீதியாள் அந்த ஊர்க்காரிதான். தொழிலா விசுவாசமா என்கிற இந்தக் கேள்வி அவளுடைய ஊர்க்காரர்களுக்கும் வந்ததுதான்.

நான் ஆவிக்குரிய சபை (பெந்தெகொஸ்தே). பொட்டு, பூ, நகை கிடையாது. ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை கவுன்டரில் இருந்தேன். யூனிஃபார்ம் சேலையோடு பொட்டும் மல்லிகைப்பூவும் கட்டாயம் என்று ஒருநாள் சூப்பர்வைசர் சொன்னார். முடியாது என்றேன். கஸ்டமர் கண்ணில் படாத இடம் என்று குடோனுக்கு மாற்றினார்கள். நாலு வருஷம் அட்டைப்பெட்டியும் கத்தரிக்கோலும்தான். சேல்ஸ் கமிஷன் போச்சு, மாதம் இரண்டாயிரம் குறைந்தது. அந்த நேரத்தில் மகளுக்கு டியூஷனை நிறுத்தினேன்.

சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று யாராவது உனக்கு வாக்குக் கொடுத்தால் நம்பாதே தம்பி. எனக்கு முடியவில்லை. தானியேலின் நண்பர்கள் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோவும் ராஜாவிடம், தேவன் விடுவிப்பார், விடுவிக்காமல் போனாலும் உம்முடைய சிலையைப் பணியமாட்டோம் என்றுதான் சொன்னார்கள். அந்த "போனாலும்" தான் கஷ்டம். கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைப் பார். நான் அதைச் செய்யாமல் பேசினேன்.

---

கணபதி பட்டறை | 15 செப்டம்பர் 2025

நான் இந்து. எங்கள் மெஷின் ஷாப் சம்பந்தமாகத் தேடும்போது இந்தத் தலைப்பு கண்ணில் பட்டது. முதலாளி பக்கம் ஒரு ஆள் பேசட்டும் என்று எழுதுகிறேன், தப்பாக நினைக்காதீங்க.

எங்களுக்கு ஆயுத பூஜை என்றால் வருஷம் முழுக்க யாருக்கும் விரல் போகாமல் ஓடியதற்கு நன்றி. எங்கள் அப்பா காலத்து லேத்தில் ஒருவருக்கு இரண்டு விரல் போச்சு. அதற்கப்புறம் அப்பா அந்த லேத்துக்குச் சூடம் காட்டும்போது கை நடுங்கும். உங்கள் முதலாளியம்மா சூடம் காட்டச் சொன்னதும் உங்கள் கை நல்லா இருக்கணும் என்றுதான். அதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு பேசுங்க.

என்கிட்டே வெல்டர் ஒருவர் முஸ்லிம். பூஜை நேரத்தில் வெளியே டாடா ஏஸ் பக்கம் நிற்பார், முடிந்ததும் உள்ளே வந்து எல்லார்கூடவும் சாப்பிடுவார். வந்த முதல் மாசமே சொல்லிவிட்டார், அதனால் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. இரண்டரை வருஷம் கழித்து வேறு யாரோ சொல்லித் தெரிந்தால் எனக்குக் கோபம் வரும். மதத்துக்காக இல்லைங்க. என் வீட்டு ரசத்தைக் குடித்துவிட்டு என்னை நம்பாமல் இருந்தானே என்று வரும்.

இன்னொன்று. பூசணிக்காயை ரோட்டில் உடைக்காதீங்க, யார் உடைத்தாலும். போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பையன் பைக்கோடு வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது.

---

ஜுபைல் | 16 செப்டம்பர் 2025

சவுதியிலிருந்து. இந்த நாட்டில் சர்ச்சே கிடையாது. வெள்ளி, சனி லீவு, ஞாயிறு வேலை நாள். அதிகாலை ஷிஃப்டுக்குப் பஸ் ஏறுகிற நேரத்தில் ஊரில் முதல் ஆராதனைக்கு மணி அடித்து முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் போனில் எங்கள் ஊர் ஆராதனைப் பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு, வாய் மட்டும் அசைத்துப் பாமாலை பாடுகிறேன். ரூமில் நாலு பேர். கீழக்கரைக்காரர் ஒருவர் அந்த நேரத்தில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுவார். நான் கேட்டதில்லை, அவராகவே செய்வது.

இங்கே வந்தபோது இதைவிடக் கஷ்டம் இருக்காது என்று நினைத்தேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் தோன்றியது, என்னை யாரும் எதையும் செய்யச் சொல்வதில்லை, செய்ய விடாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான். தடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். அன்பாக "நீயே செய் கண்ணு" என்றால் எப்படி மாட்டேன் என்பது? உங்கள் பாடுதான் சிரமம். ஜெபிக்கிறேன். என்ன ஆச்சு என்று கண்டிப்பாக எழுதுங்கள்.

---

மெஞ்ஞானபுரத்தான் | 4 அக்டோபர் 2025

பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

மூன்று நாள் ஆபீஸ் ரூம் வாசல் வரை போய்த் திரும்பினேன். ஒரு தடவை உள்ளேயே போய், இன்சர்ட், அதாவது மெஷினில் மாட்டுகிற வெட்டுமுனை, தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். தீரவில்லை, அதுவும் பொய். 20-ஆம் தேதி சாயங்காலம் எல்லாரும் கிளம்பின பிறகு போனேன். யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "அம்மா, நான் கிறிஸ்டியன். கோவில்னு சொன்னது சர்ச்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப ஐயர்னது பாதிரியாரா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப போன வருசம் காய்ச்சல்?" என்றார்.

பொய் என்றேன்.

"ரசத்தைக் கொட்டுனியா, குடிச்சியா?"

"குடிச்சேன்மா."

பேனாவை மூடி வைத்தார். "சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்" என்றார். குரல் மாறியிருந்தது. கணபதிக்காரர் சொன்ன கோபம் அதுதான் என்று நினைக்கிறேன். ஃபிட்டர் ஐயா சொன்ன மாதிரி, முந்தின நாள் எல்லா மெஷினையும் நான் கழுவி வைக்கிறேன், கேட்டில் நிற்கிறேன் என்றேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

30-ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் கழுவினேன். சிப்ஸை வாரி, கூலண்ட் டேங்கைக் காலி செய்து, அடியில் படிந்த சேற்றைச் சுரண்டி எடுத்தேன். இரண்டு வருஷமாக யாரும் அதைத் தொட்டதில்லை என்பது நாற்றத்திலேயே தெரிந்தது. ஹெல்ப்பர் பையனும் கூட நின்றான்.

புதன்கிழமை கேட்டில் நின்றேன். உள்ளே மணிச்சத்தம் கேட்டபோது பழக்கதோஷத்தில் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அப்புறம்தான் நான் ஒளிந்திருக்கவில்லையே, கேட்டில்தானே நிற்கிறேன் என்று உறைத்தது. பூசணிக்காய் பட்டறை காம்பவுண்டுக்குள்ளேயே உடைந்தது. நான்தான் கூட்டி அள்ளினேன்.

சகோதரி சொன்னதும் நடந்தது. முதலாளியம்மாவின் கொழுந்தனார் வந்திருந்தார். மெஷின் ஓட்டுகிறவன் கும்பிடவில்லை என்றால் அந்த மெஷினில் முதல் ஜாப் அவன் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். விஜயதசமி அன்று என் மெஷினில் வேறொருவர் முதல் ஜாப் போட்டார். ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) தப்பாகக் கொடுத்து இரண்டு ஷாஃப்ட் ஸ்கிராப். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஒருவர் என்னை "அல்லேலூயா" என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். இன்னும் எவ்வளவு நாள் கூப்பிடுவார் என்று தெரியவில்லை. போனஸ் குறையவில்லை. மூன்று மாதச் செலவுப் பணம் கையில் இல்லை, இந்த மாதத்திலிருந்து எடுத்து வைக்கிறேன்.

சகோதரி கோபிக்க வேண்டாம், பொரி பாக்கெட் வாங்கிச் சாப்பிட்டேன். சுண்டலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது சாமிக்குப் படைத்தது என்று ஹெல்ப்பர் பையனே சொல்லித்தான் நீட்டினான்.

இப்போது ஒரு சின்னச் சந்தேகம். மெஷினில் ஜாப்பைப் பிடிக்கிற சக்கில் வைத்த சந்தனம் முதல் ஜாப்பிலேயே கூலண்டில் கரைந்து போய்விட்டது. வெளியே கண்ணாடிக் கதவில் வைத்தது அப்படியே இருக்கிறது, சரியாக டூல் தெரிகிற இடத்தில். ஜாப்பைக் குனிந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. துடைத்தால் வேண்டுமென்றே செய்தேன் என்பார்களோ என்று விட்டு வைத்திருக்கிறேன்.

---

கணபதி பட்டறை | 4 அக்டோபர் 2025

துடைச்சுக்குங்க தம்பி. நாங்களே மூணாவது நாள் துடைச்சிடுவோம். தின்னர் போடாதீங்க, கண்ணாடி மங்கிடும். ஈரத்துணி போதும்.